பேச மறுக்கும் கணினி

கல்லைத் தட்டினால் கல்லே ஒலிப்பது நெல்லையப்பர் திருக்கோயில் மணிமண்டபத்து இசைத் தூண்களின் இயல்பு. தட்டுவோனுக்கும் ஒலிக்கும் இடையே மூன்றாமவர் ஒருவரும் இலர். கணினியின் ஒலியோ அத்தகையதன்று. அது ஏதோ ஒரு மென்பொருளில் வெறும் எண்களாகப் பிறந்து, பல கைகள் மாறி, தாய்ப்பலகையின் மூலையிலுள்ள ஒரு சில்லில் மின்னலையாக உருமாறி, கம்பி வழியே ஒலிபெருக்கியை அடைந்த பின்னரே நம் செவிக்கு ஒலியாகின்றது. இடையிலுள்ள கைகளுள் ஒன்று மடங்கினும் கணினி ஊமையாகும். அவ்வாறு ஊமையான கணினியைக் கண்டவுடன் சில்லு செத்தது என்று தீர்ப்புரைப்பது எளிது. லினக்ஸ் நிறுவப்பெற்ற புதிய மேசைக் கணினிகளில் அத்தீர்ப்புப் பல வேளைகளில் பொய்த்துப் போகின்றது. அதன் காரணத்தையும், குறை இருக்குமிடத்தை அறியும் நெறியையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க முற்படுகின்றோம். தமிழிலக்கியம் பயிலும் மாணவர்க்கு இதில் என்ன வேலை என்று வினவுவோர் சற்றே பொறுத்தருள்க. வேலை வந்த வரலாறும் பின்னே வரும்.

முதற்கண் தாய்ப்பலகையின் கதையைச் சிறிது அறிதல் வேண்டும். மதர்போர்டு எனக் கடைவீதியில் வழங்கும் இப்பலகையிலேயே ஒலிச் சில்லைப் பொருத்தும் வழக்கம் பழையது. 1997-இல் இன்டெல் நிறுவனத்தார் ஏ.சி.97 என்னும் முறையை வகுத்தனர். 2004-இல் அதன் இடத்துக்கு 'ஹை டெஃபினிஷன் ஆடியோ' என்பது வந்தது, இதனை எச்.டி.ஏ. எனச் சுருக்கி வழங்குவர். இம்முறையில் ஒலிச் சில்லுக்கெனத் தனிப்பாதை ஒன்று உண்டு. லினக்ஸின் உட்கருவாகிய கர்னலிலும் அப்பாதைக்கெனவே எழுதிய டிரைவர் ஒன்று உண்டு. பல்லாண்டுப் பழக்கத்தால் அந்த டிரைவர் பண்பட்டது. ஒலி வராதபோது செய்யத்தக்கவை இவையென ஒரு மருந்துப் பட்டியலும் மாணவரிடையே உருவாயிற்று.

2019-இல் ஏ.எம்.டி. நிறுவனத்தார் டி.ஆர்.எக்ஸ்.40 என்னும் சிப்செட்டை வெளியிட்டபோது அதில் எச்.டி.ஏ. பாதையே இல்லை. பலகை செய்வோர் வேறு வழி தேட நேர்ந்தது. பென்டிரைவையும் விசைப்பலகையையும் செருகுகின்றோமே, அந்த யூ.எஸ்.பி. வழியையே பலகைக்குள்ளும் ஓட்டி, ஒலிச் சில்லை அதன் முனையில் இணைத்தனர். பின்னர் ரியல்டெக் நிறுவனத்தின் ஏ.எல்.சி.4080, நேரே யூ.எஸ்.பி. மொழி பேசும் சில்லாக, 2021 முதல் விலையுயர்ந்த பலகைகள் பலவற்றில் இடம்பெறலாயிற்று. வெளியே நின்று நோக்குவார்க்கு யாதொரு மாறுதலும் புலப்படாது. முன்னும் பின்னும் அதே வட்டத் துளைகள். அதே ஒலிபெருக்கிக் கம்பி. உள்ளேயோ குலமே வேறு. கணினியின் கண்ணுக்கு அது பலகையோடு பிறந்த உறுப்பன்று. யாரோ வந்து செருகிய ஒரு யூ.எஸ்.பி. கருவி.

குழப்பத்தின் வேர் இதுவே. எச்.டி.ஏ. டிரைவருக்குரிய மருந்துகளை யூ.எஸ்.பி. சில்லுக்குப் புகட்டினால் அவை நோயாளியைச் சென்று சேர்வதே இல்லை. நம் நாட்டு மாணவர்க்கு இக்குழப்பம் நேர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்னை சி-டாக் நிலையத்தார் டெபியன் லினக்ஸைத் தழுவி உருவாக்கிய 'பாஸ்' 2007-இல் வெளிவந்தது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பெற்ற பல கணினிகளில் விண்டோஸோடு பாஸும் உடனிருந்தது. நம்முள் பலருக்கு லினக்ஸ் அறிமுகமானது தமக்கையரும் தமையன்மாரும் பெற்று வந்த அம்மடிக்கணினிகளால்தான். அந்நாளைய மடிக்கணினிகளில் ஒலி எச்.டி.ஏ. வழியில் வந்தது. அங்குக் கற்ற பாடத்தையே இங்கும் ஒப்பிக்கின்றோம். கேள்வித்தாள் மாறிவிட்டதை நோக்குவதில்லை.

இனிக் குறை காணும் நெறியைப் பார்ப்போம். தாமிரபரணிக் கரையினர்க்கு இதனை விளக்குதல் அரிதன்று. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து பிரியும் நெல்லைக் கால்வாயை எடுத்துக்கொள்வோம். கடைமடை வயலுக்கு நீர் வரவில்லையெனில் வயலில் நின்றுகொண்டு மண்வெட்டியால் ஆங்காங்கே வெட்டிப் பயனில்லை. அணையில் நீர் உண்டா, தலைமதகு திறந்திருக்கின்றதா, கால்வாயில் அடைப்பு உண்டா, நம் மடை திறந்ததா, நீர் அடுத்தவன் வயலுக்குத் திரும்பிற்றா என்று மேலிருந்து கீழாக நடந்து பார்ப்பவனே அடைப்பைக் காண்பான். கணினியிலும் அவ்வாறே. ஒன்று மட்டும் கருதுக: இங்கு நடக்க வேண்டிய திசை சில்லிலிருந்து மென்பொருளை நோக்கியது. கட்டளைகளின் பெயரை ஒலிப்படி தமிழில் தருகின்றோம். விசைப்பலகையில் அவை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடத்தக்கன.

முதல் வினா, சில்லு உயிரோடு உளதா என்பது. 'எல்எஸ்யூஎஸ்பி' என்னும் கட்டளை யூ.எஸ்.பி. வழியில் இணைந்துள்ள கருவிகள் அனைத்தையும் வரிசைப்படுத்திக் காட்டும். அவ்வரிசையில் ரியல்டெக் என்னும் பெயரைத் தேடி ஏமாறுவோர் பலர். பலகை செய்த நிறுவனத்தார் தம் பெயரையும் எண்ணையும் இச்சில்லுக்குச் சூட்டிவிடுவதால், ஏசஸ், எம்.எஸ்.ஐ., கிகாபைட், ஏஎஸ்ராக் ஆகிய பெயர்களுள் ஒன்றின் அருகே 'யூ.எஸ்.பி. ஆடியோ' என்றிருப்பதே நாம் தேடும் வரி. அவ்வரியின் முன்னுள்ள நான்கெழுத்தும், முக்காற்புள்ளியும், மீண்டும் நான்கெழுத்தும் சேர்ந்த அடையாள எண்ணைத் தாளில் குறித்துக்கொள்க. பின்னர் அதுவே திறவுகோல்.

வரியே இல்லையெனில் பயாஸ் அமைப்பில் ஒலி அணைக்கப்பட்டிருத்தல் கூடும்; சென்று பார்க்க. அங்கும் செம்மையாயிருந்தால், கணினியை நிறுத்திச் சுவர்ச் சுவிட்சையும் அணைத்து, ஓரிரு நிமிடம் கழித்து மீண்டும் ஏற்றுக. கேலிக்குரியதாகத் தோன்றும் இம்மருந்துக்குக் காரணம் உண்டு. கணினி அணைந்திருக்கும்போதும் பலகையில் சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். மயங்கிக் கிடக்கும் சில்லு அவ்வோட்டத்தாலேயே மயக்கம் நீங்காது நீடிக்கும். வெறுமனே மறுதொடக்கம் செய்வது அதனைத் தெளிவிப்பதில்லை.

இரண்டாம் வினா, கர்னல் அச்சில்லை ஒலியட்டையாக ஏற்றதா என்பது. லினக்ஸில் ஒலியின் அடித்தளம் 'ஆல்ஸா' எனப்படும். யாரோஸ்லாவ் கைசெலா என்பார் 1998-இல் தொடங்கிய பணி இது. 'ஏபிளே' என்று தட்டி, இடைவெளி விட்டு, சிறுகோடும் 'எல்' என்னும் எழுத்தும் இட்டால், ஆல்ஸா அறிந்த அட்டைகளும் அவற்றின் வாயில்களும் தோன்றும். பெரும்பாலும் இரண்டு அட்டைகளேனும் இருக்கும். ஒன்று திரைக்குச் செல்லும் எச்.டி.எம்.ஐ. ஒலி, மற்றொன்று நமது யூ.எஸ்.பி. ஆடியோ. ஒலிபெருக்கியே இல்லாத திரைக்கு ஒலியை அனுப்பிவிட்டு அமைதியாய் அமர்ந்திருக்கும் கணினிகளும் உண்டு. அமைப்புப் பக்கத்தில் வெளியீட்டை மாற்றின் அந்நோய் அப்போதே தீரும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது, மடை திறந்ததா என்பது. 'ஆல்ஸாமிக்ஸர்' என்று தட்டி, எஃப்6 விசையால் உரிய அட்டையைத் தேர்ந்து, கம்பங்களின் அடியில் இரட்டை 'எம்' தெரிகின்றதா என்று பார்க்க. தெரிந்தால் அது வாய்ப்பூட்டு. 'எம்' விசையை அழுத்தின் திறக்கும். முற்கூறிய டி.ஆர்.எக்ஸ்.40 பலகைகளில் இக்கம்பங்களே முறைகெட்டுத் தோன்றியதுண்டு. ஆல்ஸாவை நெடுங்காலமாகப் பேணி வரும் தகாஷி இவாய் என்பார் 2020-இல் அதற்கெனத் திருத்தம் எழுதிக் கர்னலில் சேர்த்தார். ஆதலின் மிகப் பழைய கர்னலை வைத்துக்கொண்டு புதிய பலகையை நோவது முறையன்று.

இதுகாறும் எல்லாம் செம்மையாயிருந்தும் ஒலி வரவில்லையெனில், நாம் உண்மையான முடிச்சுக்கு வந்துவிட்டோம். சற்று நின்று நோக்க வேண்டிய இடம் இது.

ஏ.எல்.சி.4080 சில்லுக்கு வாயில் ஒன்றன்று. பின்புற ஒலிபெருக்கிக்கு ஒன்று, முன்புற ஹெட்போனுக்கு ஒன்று, எஸ்.பி.டி.ஐ.எஃப். எனப்படும் எண்ணியல் வெளியீட்டுக்கு ஒன்று எனப் பல உள. ஆயினும் சில்லானது தன் வாயில்களுக்குப் பெயரிட்டுச் சொல்வதில்லை, எல்லாவற்றையும் 'யூ.எஸ்.பி. ஆடியோ' என்றே அழைத்து, பின்னால் எண் மட்டும் இடுகின்றது. எந்த எண் எந்தத் துளை என்பதைக் கணினிக்கு வேறொருவர் சொல்லியாக வேண்டும். அவ்வாறு சொல்வதற்கெனவே ஆல்ஸாவில் 'யூஸ் கேஸ் மேனேஜர்' என்றொரு தொகுதி உண்டு, யூ.சி.எம். என்பது அதன் சுருக்கம். பலகைகளின் அடையாள எண்கள் அதில் பட்டியலாக இருக்கும். நம் பலகையின் எண் அப்பட்டியலில் இருந்தால், இது ஒலிபெருக்கி, இது ஹெட்போன் என்று மேலுள்ள மென்பொருளுக்குத் தெளிவாக அறிவிக்கப்படும். இல்லையெனில், இந்நாளில் ஒலியைப் பங்கிடும் பணியைச் செய்யும் 'பைப்வயர்' ஊகத்தால் ஒரு வாயிலைத் தேர்ந்துகொள்ளும். அவ்வூகம் அடிக்கடி எஸ்.பி.டி.ஐ.எஃப். வாயிலில் சென்று முடிகின்றது.

ஒரு நிகழ்ச்சியைக் கூறின் இது விளங்கும். பார்வையற்றோர் கல்விக்குப் பாளையங்கோட்டை 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே பெயர் பெற்ற ஊர். நம் கல்லூரியிலும் பார்வையற்ற மாணவர் நால்வர் பயில்கின்றனர். அவர்கட்கென நூலகத்தின் ஒரு மூலையில், பழைய மாணவர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த கணினி உளது. அதில் 'ஓர்க்கா' என்னும் திரைபடிப்பான், திரையிலுள்ள எழுத்தை 'ஈஸ்பீக் என்.ஜி.' என்னும் குரலுக்குத் தரும். அக்குரல் தமிழையும் வாசிக்கும். இயந்திரத் தன்மை மிக்க குரலே. இனிமையை அதனிடம் எதிர்பார்த்தலாகாது. ஆயினும் ஒரு பாட நூலைப் பிறர் தயவின்றித் தாமே வாசிக்கும் உரிமையை அந்நால்வர்க்கும் அது தந்திருந்தது. கண்ணுள்ள நமக்குக் கணினியில் ஒலி போயின் பாட்டுக் கேட்க இயலாது, அவ்வளவே. அவர்கட்கோ ஒலி போயின் திரையே போயிற்று.

பருவத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில் அக்கணினியின் பலகை மாற்றப்பெற்றுப் புதிய லினக்ஸ் நிறுவப்பட்டது. அன்றே அது வாய் மூடிற்று. பழுது பார்க்க வந்தவர் இருபுறமும் ஹெட்போனைச் செருகிப் பார்த்துவிட்டு, "தம்பி, சவுண்டு சிப்பு போயிட்டு; போர்டையே மாத்தணும்" என்றார். மீண்டும் மாற்றுவதெனில் செலவுக்கு ஒப்புதல் பெற வேண்டும். அதற்குள் தேர்வு முடிந்துவிடும். வரலாறு பயிலும் நண்பர் ஒருவர் தம் குறிப்புகள் அனைத்தையும் அதனுள் வைத்திருந்தார். "அண்ணாச்சி, செத்துப்போனது எதுன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று அவர் கேட்டதற்கு விடை கிடைத்திலது. அக்கேள்வியே நம்மையும் இத்துறையில் இறக்கியது.

மேற்கூறிய வரிசையில் நடந்தோம். சில்லு பட்டியலில் இருந்தது, ஆல்ஸா அதனை ஏற்றிருந்தது, பூட்டு ஒன்றுமில்லை. பின்னர்க் கணினியின் பின்புறம் குனிந்து பார்த்தபோது, ஒருவரும் பயன்படுத்தாத சதுரத் துளை ஒன்றில் செந்நிற ஒளி தெரிந்தது. எஸ்.பி.டி.ஐ.எஃப். வாயிலின் ஒருவகை, ஒலியை ஒளியாக மாற்றிக் கண்ணாடி போன்ற இழையில் அனுப்பும். ஓர்க்கா வாய் மூடவில்லை. நாள் முழுதும் வாசித்துக்கொண்டுதான் இருந்தது. அவ்வாசிப்பு, அதனைக் காண இயலாதார் அறைக்குள், ஒளியாக வெளியேறிக்கொண்டிருந்தது.

இதனை உறுதி செய்யும் வழி இருவகை. ஒன்று, பைப்வயரை ஒதுக்கிவிட்டு ஆல்ஸாவினிடம் நேரே பேசுவது. 'ஸ்பீக்கர்-டெஸ்ட்' என்னும் கட்டளைக்கு 'பிளக்எச்டபிள்யூ:1,0' என வாயிலைச் சுட்டினால், முதல் எண் அட்டையையும் இரண்டாம் எண் அதன் வாயிலையும் குறிக்கும். இரண்டாம் எண்ணை 0, 1, 2, 3 என மாற்றிச் சோதிக்கையில் ஏதேனும் ஒன்றில் இரைச்சல் கேட்டால் சில்லும் கம்பியும் குற்றமற்றவை எனத் தெளியலாம். கருவி வேறு வேலையில் உளது என்ற மறுப்பு வந்தால், ஒலி எழுப்பும் பிற மென்பொருளை மூடிச் சில நொடி பொறுக்க. மற்றொரு வழி, 'பாவுகண்ட்ரோல்' என்னும் மென்பொருளின் கடைசிப் பக்கத்தில் அவ்வட்டைக்கு 'ப்ரோ ஆடியோ' என்னும் அமைப்பைத் தேர்வது. அப்போது வாயில்கள் அனைத்தும் திரையின்றி வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாகத் தேர்ந்து பார்க்கலாம். இவ்வமைப்பில் சில்லின் ஒலியளவுக் கட்டுப்பாடு நீங்கிவிடுமாதலின் ஹெட்போனைக் காதிலிருந்து அகற்றி வைத்துச் சோதித்தல் நலம். செவியையே கண்ணாகக் கொண்டார்க்கு இவ்வெச்சரிக்கை இன்னும் பெரிது. நாம் சோதித்த பலகையில் 0 பின்புறமாகவும் 1 முன்புறமாகவும் இருந்தன. எல்லாப் பலகைக்கும் அவ்வாறே என்று கொள்ளற்க.

தற்காலிகமாக ப்ரோ ஆடியோவிலேயே விட்டுவிடலாம். நிலையான தீர்வு, 'ஆல்ஸா-யூ.சி.எம்.-கான்ஃப்' என்னும் தொகுதியைப் புதுப்பிப்பதே. டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் நிலைபேற்றை விரும்பி ஒரு நாளில் தொகுதிகளை உறையச் செய்துவிடும். டெபியன் 12 வெளிவந்தது 2023 ஜூனில்; அதன்பின் சந்தைக்கு வந்த பலகையின் எண் அதன் பட்டியலில் எவ்வாறு இருக்கும்? 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தது. அதற்கு மாறியும் எண் இல்லையெனில், அத்தொகுதியின் 'யூ.எஸ்.பி.-ஆடியோ' என்னும் அடைவில் அதே பெயருள்ள கோப்பைத் திறந்து, ஏ.எல்.சி.4080-க்குரிய வரியில் நாம் தாளில் குறித்த அடையாள எண்ணைச் சேர்த்தல் வேண்டும். கோப்பைத் திருத்துமுன் படி ஒன்று எடுத்து வைத்துக்கொள்க. பின்னர்ப் பைப்வயரையும் அதன் துணையாகிய வயர்பிளம்பரையும் மறுதொடக்கம் செய்தால், 'ஸ்பீக்கர்', 'ஹெட்போன்' எனப் பெயருடன் வாயில்கள் தோன்றும். நூலகத்துக் கணினி அன்று மாலையே பேசிற்று. செலவு ஒரு காசும் இல்லை.

பேசிய பின்னரும் ஒரு சிறு குறை எஞ்சியிருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் முதலசையும் விழுங்கப்பட்டது. 'மருதம்' என்பது 'ருதம்' ஆயிற்று. 'படை' என்பது வெறும் 'டை' ஆயிற்று. பாட்டுக் கேட்பார் இதனைப் பொருட்படுத்தார். பாடம் கேட்பார் பொறுத்தல் எங்ஙனம்? இதன் காரணம், ஐந்து நொடி ஒலியின்றி இருப்பின் வயர்பிளம்பர் அவ்வாயிலை உறங்கச் செய்துவிடுவது. உறங்கிய யூ.எஸ்.பி. சில்லு விழித்தெழுமுன் முதலெழுத்துப் போய்விடுகின்றது. வயர்பிளம்பரின் அமைப்பில் 'செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ்' என்பதற்கு 0 என மதிப்பிட்டால் உறக்கம் நீங்கும். மின்சாரம் சிறிது கூடுதலாகச் செலவாகலாம். திரைபடிப்பான் இயங்கும் எந்தக் கணினியிலும் இதனைக் கேளாமலே செய்துவிடலாம் என்பது நம் கருத்து.

கையிருப்பில் யூ.எஸ்.பி. முனையுள்ள மலிவான ஹெட்போன் ஒன்று இருத்தலும் நன்று. பலகையின் சில்லை இயக்கும் அதே டிரைவரே அதனையும் இயக்குவதால், அது பேசினால் டிரைவரில் குற்றமில்லை என்பது உடனே தெளிவாகும். அன்றியும் பழுது தீரும் வரை பார்வையற்ற நண்பர் தாமே கட்டளைகளைத் தட்டி, அவற்றின் விடையைக் கேட்டு அறியவும் அது துணைபுரியும். நம் வரலாற்று நண்பர் அவ்வாறே கற்றுக்கொண்டு, இப்போது விடுதியிலுள்ள பிறர் கணினிகளுக்கும் வைத்தியம் பார்க்கின்றார்.

கோப்பில் நாமே சேர்த்த எண் அடுத்த புதுப்பிப்பில் அழிந்துவிடும் என்பதை மறத்தலாகாது. ஆகையால் அவ்வெண்ணை ஆல்ஸாவைப் பேணுவார்க்கு எழுதித் தெரிவித்தல் வேண்டும். 'ஆல்ஸா-இன்ஃபோ' என்னும் கருவி அவர்கட்கு வேண்டிய விவரம் அனைத்தையும் ஒரே ஏட்டில் திரட்டித் தரும். எந்த வாயில் எந்தத் துளையில் ஒலித்தது என்பதை மட்டும் நாமே சோதித்து எழுதிச் சேர்க்க வேண்டும். இனிப் பலகை வாங்கச் செல்வார் அதன் விவரத் தாளில் ஒலிச் சில்லின் பெயரை முன்னரே பார்த்துக்கொள்க. ஏ.எல்.சி.897 எனில் பழைய எச்.டி.ஏ. பாதை, ஏ.எல்.சி.4080 அல்லது 4082 எனில் யூ.எஸ்.பி. பாதை. பின்னதாயின், விலை பேசுமுன் அப்பலகையின் எண் யூ.சி.எம். பட்டியலில் ஏறிவிட்டதா என்று நோக்கிக்கொள்க.